வெனிலா போட்ட சுருட்டும் வெள்ளந்திப் பேச்சும்

தபால்தலை சேர்ப்பது பொழுதுபோக்கு. மீன்தொட்டி வைப்பது பொழுதுபோக்கு. வீட்டிலேயே புகையிலையைச் சுருட்டி, அதில் வெனிலாவும் ரம்மும் ஏற்றி, ஜாடியில் போட்டு மூடி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பற்றவைப்பது.. அதுவும் பொழுதுபோக்குதானாம்!

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. முழு இலையாகப் புகையிலை வாங்குகிறார்கள். தோட்டம் இருப்பவர்கள் தாங்களே நாலு செடி வைத்துக்கொள்கிறார்கள். மர அச்சு, அரைவட்டக் கத்தி, பிசின், ஈரப்பதம் காட்டும் கருவி என்று ஒரு சின்னத் தொழிற்சாலையே மேஜை மேல் வந்துவிடுகிறது. கேட்டால், "கம்பெனிக்காரன் பிடியிலிருந்து தப்பித்தோம், இது இயற்கை, இது கைத்தொழில், இது பாரம்பரியம்" என்கிறார்கள். நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் ஜாடியைத் திறந்து மோந்து பார்க்கச் சொல்லி ஒரு பெருமை வேறு.

தமிழனுக்கும் இதில் ஒரு பாத்தியதை உண்டு. ஆங்கிலத்தில் 'செரூட்' என்று சொல்கிறார்களே, அது தமிழ்ச் 'சுருட்டு' போட்ட குட்டி. 1887ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே சாம்பலைப் பார்த்து இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுவார். சரி, பெருமை பேசியாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வரலாம்.

முதலில் இந்தக் கூட்டத்துக்குச் சேரவேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடுவது நல்லது. சுருட்டு சுருட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. உள்ளே அடைக்கும் இலையை விசிறி மடிப்பு மாதிரி மடித்து வைக்கவேண்டும், நடுவில் காற்றுப் போக வழி விட்டு. இறுக்கினால் புகை வராது. தளர்த்தினால் கபகபவென்று எரிந்து நாக்கைச் சுடும். அதன்மேல் ஒரு இலையைச் சுற்றிக் கட்டி, அச்சில் வைத்து அழுத்தி, பிறகு மேலே போர்த்துகிற நல்ல இலையைப் பதமாக இழுத்துச் சுற்றவேண்டும். நடு நரம்பை உரித்தபிறகு ஒரு இலை இரண்டு பாதியாகிறது அல்லவா, இடது பாதியை ஒரு திசையிலும் வலது பாதியை எதிர்த்திசையிலும் சுற்றினால்தான் நரம்புகள் நீளவாக்கில் படியும். கடைசியில் தலைப்பக்கம் ஒரு சின்னத் தொப்பி, பிசின் வைத்து ஒட்டியது. ஹவானாவில் கைதேர்ந்த தொழிலாளி ஒரு நாளைக்கு இதை நூறு வரைக்கும் செய்கிறார். 1865லிருந்து அங்கே ஒருவர் மேடையில் உட்கார்ந்து நாவலும் செய்தித்தாளும் உரக்கப் படிக்க, இவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுகிற வழக்கமும் வந்தது. அந்தக் கைகளைக் குறைசொல்ல யாருக்கும் தகுதி கிடையாது.

ஆனால் கைவேலை நன்றாக இருக்கிறது என்பதும், செய்யப்பட்ட பொருள் நல்லது என்பதும் ஒன்றா? இங்கேதான் இடிக்கிறது.

'இயற்கை' என்ற வாதத்தை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் தாங்கள் சேர்க்கும் பொருட்கள் என்று 1994ல் ஒரு பட்டியல் கொடுத்தன. 599 பெயர்கள்! இதைக் காட்டித்தான், "பார், அவன் 599 கலக்கிறான், இங்கே வெறும் இலை மட்டும்" என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புகையிலையில் இருக்கிற நிகோட்டினைக் கம்பெனி கொண்டுவந்து ஊற்றவில்லை. பூச்சி தின்னாமலிருக்கச் செடி தனக்குத்தானே தயாரித்துக்கொள்கிற விஷம் அது. அரளி விதைகூட இயற்கைதான். அதைப் பறித்து அரைத்தவர் கம்பெனிக்காரர் இல்லை என்பதால் யாரும் சாப்பிட்டுப் பார்ப்பதில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சுருட்டு இலை அப்படியே காய்ந்து சருகாகிப் பயன்படுவதில்லை. பாடம் செய்யவேண்டும், அதாவது குவித்துவைத்துப் புழுங்கவிட்டு நொதிக்கவைக்க வேண்டும். வீட்டில் செய்கிறவர்கள் இதற்குப் பழைய ஃப்ரிட்ஜின் கூட்டை எடுத்து, உள்ளே மெதுவாகச் சூடேறும் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஐம்பது டிகிரி செல்சியஸ் பக்கத்தில் வாரக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். திறந்தால் அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும். அந்த நெடி போகப்போக இலை மென்மையாகிறது, மணம் வருகிறது, உண்மைதான். ஆனால் புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் உருவாவதும் இந்த உலர்த்தலிலும் நொதித்தலிலும்தான். சுருட்டுப் புகையிலையில் இவை அதிகம் இருப்பதற்குக் காரணமே இந்த நீண்ட பாடம் என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் சொல்கிறது. ஆக, எந்தப் படியைக் காட்டி "பொறுமையாகச் செய்கிறோம், இயற்கையாகச் செய்கிறோம்" என்று மார்தட்டுகிறார்களோ, அந்தப் படியில்தான் விஷமும் சமைகிறது. ஆள் வைத்து விஷம் வைப்பதற்கும் தானே வைத்துக்கொள்வதற்கும் கூலி ஒன்றுதான் வித்தியாசம்.

அடுத்தது எல்லோருக்கும் மனப்பாடமான வசனம்: "நாங்கள் புகையை உள்ளே இழுப்பதில்லை."

சிகரெட் புகை அமிலத்தன்மை உள்ளது. அதனால் நுரையீரல் வரைக்கும் போனால்தான் நிகோட்டின் சரியாக ஏறும். சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது. வாய்க்குள் வைத்திருந்தாலே போதும், கன்னத்துத் தோல் வழியாக நிகோட்டின் ரத்தத்தில் கலந்துவிடும். இழுக்காமலேயே வேலை நடக்கிறது என்பதுதான் சுருட்டின் சாமர்த்தியம், அது குடிப்பவரின் கட்டுப்பாடு அல்ல. ஒரு சிகரெட்டில் சராசரியாக 8 மில்லிகிராம் நிகோட்டின் இருக்கிறது என்றால், பெரிய சுருட்டுகள் பலவற்றில் 100 முதல் 200 மில்லிகிராம். ஒரு சுருட்டின் எடை ஒரு பாக்கெட் சிகரெட்டின் எடைக்குச் சமமாக இருப்பதும் உண்டு. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் எல்லாம் அந்தப் புகை தொடுகிற இடங்கள்தானே. பழைய சிகரெட் ஆசாமி சுருட்டுக்கு மாறினால் பழக்க தோஷத்தில் உள்ளேயும் இழுக்கிறார், அது தனிக்கதை. 2000ஆம் ஆண்டு அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு ஏழு பெரிய சுருட்டுக் கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டு, சிகரெட்டுக்குச் சுருட்டு பாதுகாப்பான மாற்று இல்லை என்று பெட்டியிலேயே அச்சடிக்க ஒப்புக்கொண்டன. கம்பெனிகளே ஒத்துக்கொண்டதை, கம்பெனியை வெறுக்கிற நம் பொழுதுபோக்காளர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்! என்ன கொடுமை சார் இது..

வாரத்துக்கு ஒன்றுதானே என்பார்கள். நியாயம்தான், வாரத்துக்கு ஒன்று குடிப்பவரும் நாளைக்கு நாலு குடிப்பவரும் சமமில்லை. ஆனால் இங்கே வணிகவியல் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த ஒரு சிக்கல் இருக்கிறது. கடையில் வாங்குகிறவர் ஒன்று வாங்கலாம். தயாரிக்கிறவர் ஒன்று தயாரிக்க முடியாது. ஒரு பவுண்டு இலை என்பது சுமார் 454 கிராம். ஒரு சுருட்டுக்கு 15 கிராம் என்று வைத்தால் முப்பது சுருட்டு. கை பழகவேண்டும் என்றால் பத்து பவுண்டாவது சுருட்டிப் பார்க்கவேண்டும். அந்த முந்நூறும் எங்கே போகும்? சரக்கு தேங்கினால் ஒன்று தானே தீர்க்கவேண்டும், இல்லை நண்பர்களுக்குத் தானம் செய்யவேண்டும். ஒவ்வொன்றும் சரியாக எரிகிறதா என்று சோதித்துப் பார்க்கவேண்டியதும் 'கலை'யின் பகுதி. உற்பத்தி கூடக்கூட நுகர்வு கூடுகிற தொழிற்சாலை, அதன் ஒரே வாடிக்கையாளர் முதலாளி!

இப்போது வாசனைக்கு வரலாம். இந்த விவகாரத்தில் எரிச்சலூட்டுவது இதுதான்.

வெனிலாக் காயைக் கீறி ஜாடியில் போட்டு, அதன்மேல் சுருட்டுகளை அடுக்கி மாதக்கணக்கில் மூடி வைக்கிறார்கள். சிலர் ரம்மோ விஸ்கியோ நனைத்த மரத்துண்டை வைக்கிறார்கள். சிலர் காப்பிக்கொட்டை. பொறுமையில்லாதவர்கள் எசென்ஸை இலைமேல் நேராகத் தெளித்துவிடுகிறார்கள். தேன் தடவுவோரும் உண்டு. ஐந்து நிமிடம் முன்னால் "599 கலக்கிறான்" என்று கம்பெனியைத் திட்டிய அதே வாய் இப்போது "சாக்லேட் எவ்வளவு சொட்டு விட்டால் சரியாக இருக்கும்" என்று ஆராய்ச்சி செய்கிறது. கம்பெனி கலந்தால் கலப்படம், தான் கலந்தால் கைப்பக்குவமா?

வாசனை எதற்கு என்று யோசித்தால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். புகையிலைப் புகை தொண்டையை அறுக்கும், கசக்கும், இருமவைக்கும். புதிதாகத் தொடுகிற எவரையும் "வேண்டாம், போ" என்று உடம்பு தள்ளிவிடுகிற முதல் காவல் அது. இனிப்பும் வாசனையும் அந்தக் காவல்காரனுக்குக் கொடுக்கும் லஞ்சம். இதை நன்றாகப் புரிந்துகொண்டுதான் அமெரிக்கா 2009ல் சட்டம் போட்டு, மெந்தால் தவிர்த்து மற்ற வாசனை சிகரெட்டுகளைத் தடை செய்தது. பழ வாசனையும் மிட்டாய் வாசனையும் யாரை இழுக்க என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தத் தடை சுருட்டைத் தொடவில்லை. சுருட்டுக்கும் நீட்டிக்கலாம் என்று 2022 ஏப்ரலில் அங்கத்திய உணவு மருந்து நிர்வாகம் ஒரு முன்மொழிவு வைத்தது. 2025 ஜனவரியில் அது திரும்பப் பெறப்பட்டது. ஓட்டை அப்படியே இருக்கிறது. கம்பெனிகள் அந்த ஓட்டை வழியாகத் திராட்சையும் மாம்பழமும் விற்கின்றன. வீட்டுக்காரர் அதே தந்திரத்தைத் தன் தொண்டைமேல் தானே பிரயோகித்துக்கொண்டு, தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அப்புறம், "வெனிலா, தேன் எல்லாம் சாப்பிடுகிற பொருள்தானே" என்று ஒரு சமாதானம். சாப்பிடுகிற பொருள், சரி. கொளுத்துகிற பொருளா? சர்க்கரையைத் தின்றால் வயிற்றுக்குப் போகிறது. எரித்தால் அசிட்டால்டிஹைடு முதலான ஆல்டிஹைடுகளாகப் புகையில் வருகிறது. பாயசத்தில் நல்லதாக இருப்பது நெருப்பில் நல்லதாக இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், பரம்பரைச் சுருட்டு ரசிகர்களே வாசனைச் சுருட்டைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். 2023ல் ஒரு அமெரிக்க நீதிமன்றம் 'உயர்தரச் சுருட்டு'களை உணவு மருந்து நிர்வாகத்தின் விதிகளிலிருந்து விடுவித்தபோது, அந்த உயர்தரத்துக்கு வைத்த இலக்கணத்தில் ஒன்று: புகையிலை வாசனையைத் தவிர வேறு வாசனை தூக்கலாக இருக்கக்கூடாது. ஆக பாரம்பரியம் என்ற பெயரும் வெனிலா ஜாடிக்குப் பொருந்தவில்லை.

காசு மிச்சம் என்று சொல்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்காவில் பெரிய சுருட்டுக்கு மத்திய வரி விற்பனை விலையில் 52.75 சதவீதம், ஆனால் ஒரு சுருட்டுக்கு உச்சவரம்பு 40.26 சென்ட். சொந்த உபயோகத்துக்கு மட்டும் சுருட்டிக்கொள்பவர் சட்டப்படி உற்பத்தியாளரே அல்ல, அதனால் இந்த வரி கிடையாது. சில மாநிலங்கள் தனியாக வரி போடுகின்றன, அது வேறு. மத்திய வரியில் மிச்சம் அதிகபட்சம் 40 சென்ட். புதிதாகப் பழகுகிறவருக்கு ஒன்று சுருட்ட அரைமணி நேரம் என்று வைத்தாலும், 2009லிருந்து மாறாத 7.25 டாலர் குறைந்தபட்சக் கூலிப்படி அந்த அரைமணியின் விலை மூன்றரை டாலருக்கு மேல். அச்சு, கத்தி, ஜாடி, ஃப்ரிட்ஜ் கூடு, மின்சாரம் எல்லாம் சேர்த்தால்.. வேண்டாம், காஸ்ட் அக்கவுண்டன்சி வாத்தியார் அழுதுவிடுவார் :-) பொழுதுபோக்குக்குக் கூலி பார்க்கக்கூடாது என்றால், காசு மிச்சம் என்றும் பேசக்கூடாது.

கம்பெனியிலிருந்து தப்பித்தோம் என்பதும் பாதிதான். இலை, அச்சு, எசென்ஸ் எல்லாம் யாரோ விற்பதுதானே. சுருட்டு கௌரவம் என்ற நினைப்பே விற்கப்பட்டதுதான். பல வருடங்களாகச் சரிந்துகொண்டிருந்த அமெரிக்கச் சுருட்டு விற்பனை 1993க்குப் பிறகு நிமிர்ந்தது. சரியாக 1992ல்தான் சுருட்டையும் நடிகர்களையும் சொகுசு வாழ்க்கையையும் பளபள அட்டையில் போட்டு ஒரு பத்திரிகை வர ஆரம்பித்திருந்தது. அந்தப் படங்கள் கொடுத்த ஆசைதான் இன்றைக்குச் சமையலறை மேஜையில் கத்தியோடு உட்கார்ந்திருக்கிறது.

இனி 'வீடு' என்ற சொல். இந்தச் சொல்லில் சொட்டுகிற பாசத்தைக் கேட்டால், சுருட்டு இதற்கு முன் எந்த வீட்டிலும் சுருட்டப்பட்டதே இல்லை என்று தோன்றும்.

1880களில் நியூயார்க்கில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டிலேயேதான் சுருட்டின. பெரும்பாலும் பொஹீமியாவிலிருந்து வந்த ஏழைகள். கட்டடமும் முதலாளிக்குச் சொந்தம், இலையும் முதலாளிக்குச் சொந்தம். கூலியிலிருந்து வாடகையைப் பிடித்துக்கொள்வார். சாப்பிடுவது, தூங்குவது, பிரசவம், சாவு எல்லாம் அதே அறையில், புகையிலைக் குவியலுக்கு நடுவில். குழந்தைகள் இலை நரம்பு உரித்தன. 1882ல், 23 வயதில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், இந்த வேலையைத் தடை செய்யும் மசோதா தேவையில்லை என்ற எண்ணத்தோடுதான் விசாரிக்கப் போனார். அந்த அறைகளுக்குள் அவரைக் கூட்டிப்போனவர் சாமுவேல் கோம்பர்ஸ். அவரே சின்ன வயதில் அப்பாவோடு வீட்டில் சுருட்டு சுருட்டிய ஆள், பின்னால் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவரானவர். பார்த்துவிட்டு வந்த ரூஸ்வெல்ட் மசோதாவுக்கு ஆதரவாக மாறிவிட்டார். 1884ல் தடைச்சட்டமும் வந்தது. 1885 ஜனவரியில் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அடித்துப்போட்டது. காரணம் என்ன தெரியுமா? ஒருவனை அவன் வீட்டின் புனிதமான சூழலிலிருந்து வெளியே துரத்தினால் அவன் உடல்நலமோ ஒழுக்கமோ எப்படி மேம்படும் என்று நீதிபதிகளுக்குப் புரியவில்லையாம். அந்த அறைகளை அவர்கள் பார்த்திருக்கவில்லை என்று ரூஸ்வெல்ட் பிற்காலத்தில் காட்டமாகவே எழுதினார். தீர்ப்பு வந்து ஐந்து வருடம் கழித்து, 1890ல் ஜேக்கப் ரீஸ் நியூயார்க் சேரிகளைப் பற்றிப் புத்தகம் போட்டபோதும் அந்தக் குடும்பங்கள் அதே அறைகளில் சுருட்டிக்கொண்டுதான் இருந்தன.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் போனால் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு திண்ணையில் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்காக 1966ல் தனிச்சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் இந்த வேலை எப்படிப்பட்டது என்று ஊகித்துக்கொள்ளலாம். அந்தத் தூளையும் நெடியையும் விட்டு எப்போது வெளியே வரலாம் என்று பார்க்கிறார்கள் அவர்கள். மகளை இந்த வேலையில் உட்காரவைக்கக் கூடாது என்று காலேஜுக்கு அனுப்புகிறார்கள். அங்கே கடல்தாண்டி ஒருவர் அதே தூளையும் நெடியையும் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குள் கொண்டுவந்து, மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது என்கிறார். கட்டாயத்தில் செய்வதும் விருப்பத்தில் செய்வதும் வேறுவேறு என்று ஒத்துக்கொள்ளலாம். இலைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

"எங்கள் வீடு, எங்கள் உடம்பு, உனக்கென்ன?" என்பதுதான் மிச்சமிருக்கும் பதில். உடம்பு அவருடையது, சரி. வீடு அவருடையது மட்டுமா? நொதிக்கிற பெட்டியின் நெடியை அவர் மட்டும் சுவாசிப்பதில்லை. அடுத்தவர் விடும் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2006லேயே அறிக்கை கொடுத்தாகிவிட்டது. அதைவிட, இந்த ஜாடி இருக்கிற இடத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். நிகோட்டின் வயிற்றுக்குள் போனாலும் விஷம்தான், சின்னக் குழந்தைக்குக் கொஞ்சம் இலையே அதிகம். கசப்பு நாற்றம் அடிக்கும் சாதாரணப் புகையிலையைக் குழந்தை துப்பிவிடும். தேனும் சாக்லேட்டும் மணக்கிற இலையை? கடைச் சுருட்டின் வாசனை பிள்ளைகளை இழுக்கும் என்று சட்டம் கேட்டுப் போராடுகிற ஊரில், அதே வாசனை சமையலறை அலமாரியில் பிஸ்கட் டப்பாவுக்குப் பக்கத்தில் கண்ணாடி ஜாடியில் இருக்கிறது. பெரிய கம்பெனிகளின் பெட்டியிலாவது அந்த 2000ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் புண்ணியத்தில் ஒரு எச்சரிக்கை வாசகம் வந்தது. இந்த ஜாடியில் ஒட்டியிருப்பதெல்லாம் 'வெனிலா - மார்ச்' என்று பேனாவால் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு மட்டும்தான்.